விழுங்காமல் பொறுப்பது எப்படி

நாலு பேர் முன்னால் ஒருவர் உங்களை மட்டம் தட்டுகிறார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறீர்கள். பார்ப்பவர்களுக்கு அது நிதானம். உள்ளே நடந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சொல் உங்களைத் தொடாமல் போயிருக்கலாம். இல்லாவிட்டால் தொட்டதை அப்படியே விழுங்கியிருக்கலாம். விழுங்கியது செரிக்காது. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் புரளும்போது மேலே வரும். மறுநாள் சம்பந்தமே இல்லாத ஒருவர் மேல் எரிந்து விழுவதில் போய் முடியும்.

வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுவது. இரண்டுமே பிறவிக் குணம் இல்லை, பயிற்சியில் வருபவை.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். மானம், ரோஷம், வீம்பு மூன்றையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ரோஷம் ஒரு சூடு. வந்து போகும், அதில் தவறில்லை. வீம்புக்குப் பார்க்க ஆள் வேண்டும். மானத்துக்கு வேண்டாம். ஒரு முடிவெடுக்கும்போது, "இது யாருக்குமே தெரியாமல் போனாலும் இதையேதான் செய்வேனா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமாம்" என்றால் அது மானம். "அவனுக்குத் தெரியணும்ல" என்று மனசு முணுமுணுத்தால் வீம்பு, இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

ஏழு நாள் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் வெறுமனே குறித்துக்கொள்ளுங்கள். சின்ன நோட்டு, பக்கத்துக்கு மூன்று பத்தி. முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில் நான் சொன்னது அல்லது செய்தது. மூன்றாவதில் சொல்ல நினைத்துச் சொல்லாதது. தினமும் மாலையில் ஐந்து நிமிடம் போதும், மூன்று சம்பவத்துக்கு மேல் வேண்டாம். போனில் எழுதலாம், ஆனால் பாதியில் வேறொரு அறிவிப்பு வந்து இழுத்துக்கொண்டு போய்விடும், காகிதம் நல்லது.

எல்லாரும் தவறுவது முதல் பத்தியில்தான். "மேலாளர் அவமானப்படுத்தினார்" என்று எழுதுவார்கள். அது நடந்தது இல்லை, நடந்ததற்கு நாம் போட்ட தலைப்பு. நடந்தது இது: "கூட்டத்தில் ஆறு பேர் இருக்கும்போது, 'இதுகூடவா தெரியாது?' என்று கேட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார்." தலைப்போடு நம்மால் எதுவும் செய்ய முடியாது. சம்பவமாக எழுதினால் கைக்கு அகப்படும் ஏதாவது ஒன்று தெரியும்: சொன்ன வார்த்தையா, சொன்ன இடமா, பதில் சொல்ல விடாமல் திரும்பியதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அடிமையாக இருந்து விடுதலையாகி ஆசிரியரான எபிக்டெட்டஸ் இதையே சொல்லிக்கொடுத்தார்: ஒருவர் அவசரமாகக் குளித்தால், அவர் மோசமாகக் குளிக்கிறார் என்று சொல்லாதே, அவசரமாகக் குளிக்கிறார் என்று சொல். கிட்டத்தட்ட 1,900 வருடம் ஆகியும் இதைவிட எளிய பயிற்சி வரவில்லை.

ஏழு நாள் முடிந்ததும் மூன்றாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படியுங்கள். பிரச்சினை எங்கும் பரவிக் கிடக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு ஆட்கள், ஒரு இடம், ஒரு நேரம் என்று ஒடுங்கிவிடும். அந்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வேலை செய்தால் போதும். வாழ்க்கை முழுவதையும் நிமிர்த்தக் கிளம்புகிறவர்கள் இரண்டாவது வாரமே களைத்துப்போகிறார்கள்.

அந்த ஒரு நிமிடம்

சுருக்கென்று குத்திய கணத்தில் முகம் சூடாவது, நெஞ்சு படபடப்பது, கை குளிர்வது எல்லாம் உங்கள் பலவீனம் இல்லை. எபிக்டெட்டஸ் போன்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவவாதிகளான ஸ்டோயிக்குகள் உணர்ச்சியே இல்லாத மரக்கட்டைகள் என்று ஒரு தப்பான பெயர் உண்டு. அவர்களில் ஒருவரான செனகா தெளிவாகவே சொல்கிறார்: முதல் அதிர்வு யாருக்கும் வரும், அது நம் கையில் இல்லை, அதற்கு நாம் சம்மதம் கொடுப்பதுதான் கோபம். ஆகவே முதல் அதிர்வை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். சம்மதத்தை மட்டும் ஒரு நிமிடம் தள்ளிப்போடுங்கள்.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது மூன்றே வேலை.

முதலில் பாதம். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாடை இறுகியிருந்தால் நாக்கை மேலண்ணத்திலிருந்து விடுவித்தாலே தளரும்.

அடுத்து மூச்சு. நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு சுற்று பத்து விநாடி, ஆறு சுற்று ஒரு நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, "ஆழ்ந்து மூச்சு விடு" என்றதும் நெஞ்சு விரிய வேகமாக நாலைந்து தடவை இழுப்பது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரக்கும், பதற்றம் கூடும். கொஞ்சமாக இழுங்கள், மெதுவாக விடுங்கள். எதிரே இருப்பவருக்குத் தெரியவே கூடாது.

மூன்றாவது, வந்த உணர்ச்சிக்கு மனசுக்குள் ஒரே ஒரு பெயர் வையுங்கள். "கோபம்." அல்லது, "இல்லை, வெட்கம்." மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட மூளை வரைபட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததைக் கண்டார்கள். பெயர் சரியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நாம் கோபம் என்று நினைக்கிற பலவும் கிட்டத்தில் பார்த்தால் வெட்கமாக இருக்கும். வெட்கத்துக்குக் கோபத்தின் மருந்தைக் கொடுத்தால், அதாவது பதிலுக்குக் கத்தினால், வெட்கம் இரட்டிப்பாகும்.

இதெல்லாம் முகத்தை இறுக்கிக்கொண்டு சமாளிப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவென்சன் இருவரும் 1993இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அருவருப்பூட்டும் படக்காட்சியைக் காட்டி, முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று ஒரு பகுதியினரிடம் சொன்னார்கள். முகம் அடங்கியது. அருவருப்பு அடங்கவில்லை. விரல் வியர்வை போன்ற உடல் அறிகுறிகள், அடக்காதவர்களைவிடக் கூடின. முகத்தை மட்டும் அடக்குவதற்கு உடம்பு கூலி கொடுக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். பாதம், மூச்சு, பெயர் மூன்றும் முகத்தைத் தொடுவதே இல்லை. முகம் சிவந்தால் சிவக்கட்டும்.

நிமிடம் முடிந்ததும் பேச வேண்டியிருந்தால், முன்கூட்டியே மனப்பாடம் செய்த ஒரு வாக்கியம் கையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் புதிதாக யோசித்தால் ஒன்று குத்தலாக வரும், இல்லை குழைவாக வரும். உதாரணத்துக்கு: "இதை யோசிச்சுச் சொல்றேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் தர்றேன்." இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். நேரம் குறிக்காமல் "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் அது நழுவல். நேரம் குறித்துச் சொல்லி, அந்த நேரத்துக்குச் சொன்னபடி வந்தால், எதிராளி உங்களை வேறு மாதிரி பார்க்கத் தொடங்குவார். அதைவிட முக்கியம், நீங்களே உங்களை வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

எல்லை போடும் வாக்கியம்

பொறுக்கத் தேவையில்லாததைப் பொறுக்காமல் இருப்பதும் இதில் சேர்த்திதான். எல்லை போடும் வாக்கியத்துக்கு மூன்று உறுப்பு: என்ன நடந்தது, அதில் எனக்கு எது ஒத்துவராது, இனி நான் என்ன செய்வேன். மூன்றாவது உறுப்பு உங்கள் செயலாக இருக்க வேண்டும். "நீங்க இனிமே அப்படிப் பேசக் கூடாது" என்பது அவருடைய வாயைப் பற்றியது, அதன் சாவி அவரிடம் இருக்கிறது. "அப்படிப் பேசினா நான் எழுந்து போயிடுவேன்" என்றால் சாவி உங்களிடம்.

அந்தக் கூட்டத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மறுநாள், தனியாக, கதவை ஒட்டி நின்றுகொண்டல்ல, உட்கார்ந்து:

"நேத்து கூட்டத்துல 'இதுகூடவா தெரியாது'ன்னு கேட்டீங்க, சார். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. அடுத்த தடவை, 'இதைத் தனியாப் பேசலாம்'னு அங்கயே சொல்லிடுவேன்."

இவ்வளவுதான். நாலு வாக்கியம், அரை நிமிடம். முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதில் மிகக் கடினமான பகுதி அதுதான். எதிரே அமைதி வரும். அந்த அமைதி மூன்று விநாடி நீண்டாலும் முப்பது விநாடி மாதிரி இருக்கும். அதை நிரப்ப, "இல்ல சார், நான் தப்பா எதுவும் சொல்லல... நீங்க பெரியவங்க..." என்று தொடங்கினால் போட்ட எல்லையை நீங்களே அழித்துவிட்டீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு மூச்சு விடுங்கள். அவர் பேசட்டும்.

இது கெட்டுப்போகும் வழிகள் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். காரணம் அதிகமாகச் சொல்வது முதல் இடம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காரணமும் பேரம் பேச ஒரு பிடி. கடன் கேட்கும் உறவினரிடம், "இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம்" என்றால் அடுத்த மாதம் வருவார். "பணம் கொடுக்கல் வாங்கல் உறவுக்குள்ள வேணாம்னு வெச்சிருக்கேன், மாமா. வேற எந்த உதவின்னாலும் கேளுங்க" என்றால் பிடிக்க ஒன்றும் இல்லை. மனசு கேட்காமல் ஒரு பொய்ச் சாக்குச் சொல்வதும் இதே ரகம். இரண்டு நாளில் அது பல்லிளிக்கும், மரியாதை போவது உங்களுக்கு.

வாக்கியத்தின் கடைசியில் "சரிதானே?", "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒட்டுவது அடுத்த தவறு. அது அனுமதி கேட்பது. சிரித்துக்கொண்டே சொல்வதும் அப்படித்தான். கேட்பவர் வார்த்தையை விட்டுவிட்டுச் சிரிப்பை எடுத்துக்கொள்வார். செய்ய முடியாததைச் செய்வேன் என்று மிரட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். "வேலையை விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு விடாமல் இருந்தால், அடுத்த ஐந்து எல்லைக்கும் சேர்த்து மதிப்புப் போய்விட்டது.

எத்தனை தடவை சொல்வது? முதல் தடவை முழுதாக. இரண்டாவது தடவை அதே சொற்கள், இன்னும் சுருக்கமாக: "இதைத் தனியாப் பேசலாம், சார்." மூன்றாவது தடவை பேச்சு வேண்டாம், சொன்னதைச் செய்யுங்கள். குரலை ஏற்றத் தேவை வந்தால், இரண்டாவது கட்டத்திலேயே செய்திருக்க வேண்டியதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. செய்தியை எழுதுங்கள், அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் ஒரு தூக்கம் கழித்துத் திறந்து, "எப்பவும்", "ஒருநாளும்", "எல்லாரும்" என்ற மூன்று சொற்களைத் தேடி நீக்குங்கள். பிறகு முதல் வாக்கியத்தை நீக்கிப் பாருங்கள். கோபத்தில் எழுதிய செய்தியின் முதல் வாக்கியம் பெரும்பாலும் வெறும் இருமல்தான். விஷயம் இரண்டாவதில் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. கை நீட்டுபவர், உயிருக்கு மிரட்டுபவர், பணத்தையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொள்பவர் என்றால் இந்த வாக்கியங்கள் எதுவும் உதவாது. சில நேரம் ஆபத்தையே கூட்டும். அங்கே பொறுமை குணமும் இல்லை, கடமையும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, பாதுகாப்பாக வெளியேறும் வழியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. போக ஒரு இடம், முக்கியமான ஆவணங்கள், கையில் கொஞ்சம் பணம், உதவி எண் ஆகியவை முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

தனக்குக் கொடுத்த வாக்கு

கண்ணாடி முன் நின்று "நான் மதிப்புள்ளவன்" என்று சொல்வதால் சுயமரியாதை வளர்ந்துவிடாது. மனசு ஒரு சந்தேகக்கார குமாஸ்தா, ரசீது கேட்கும். ரசீது என்பது, தனக்குத் தானே சொன்னதைச் செய்து முடித்த ஒரு நாள். ஆகவே இரண்டு வாக்கு மட்டும் எடுங்கள், அவமானமாகத் தோன்றும் அளவுக்குச் சின்னதாக: பத்து நிமிடம் நடை, படுக்கும் முன் மேசையைத் துடைத்து வைப்பது. யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னதுமே செய்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும், அதுவே கெடுத்துவிடும்.

வாக்கை "எப்போது வந்தால், என்ன செய்வேன்" என்ற வடிவில் எழுதுங்கள். "தினமும் நடக்கணும்" என்பது ஆசை. "காலையில் பல் தேய்த்ததும் செருப்பை மாட்டுவேன்" என்பது வாக்கு. இந்த வடிவத்தைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சூழ்நிலையே ஞாபகப்படுத்திவிடுவதால் மனவுறுதியின் மேல் சுமை குறைகிறது.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். பிலிப்பா லாலி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பின்னடைவு இல்லை. ஆகவே விதி இது: ஒரு நாள் தவறலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் கூடாது. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அது தண்டனை, தண்டனையை மனசு நாலாவது நாள் ஏமாற்றும்.

எது என் கையில்

எபிக்டெட்டஸின் புகழ்பெற்ற பிரிவு இது. நம் தீர்ப்பு, நம் முயற்சி, நம் விருப்பு வெறுப்பு நம்முடையவை. உடம்பு, சொத்து, பெயர், பதவி முழுவதும் நம் கையில் இல்லை. கேட்க எளிது. காகிதத்தில் செய்து பார்த்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று தெரியும்.

ஒரு நேர்காணல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வேலை கிடைக்கணும்" என்பது உங்கள் குறிக்கோள் என்றால் அதன் கடிவாளம் வேறொருவர் கையில். அதை இப்படி மாற்றி எழுதுங்கள்: "எதிர்பார்க்கும் பத்துக் கேள்விக்குப் பதிலை வாய்விட்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பேன். அரை மணி முன்னால் போய்ச் சேருவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். சம்பளம் எவ்வளவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்பதை முன்னாலேயே எழுதி வைப்பேன்." வேலை கிடைக்காவிட்டாலும் இந்த நாலும் முடிந்ததா என்று உங்களால் சரிபார்க்க முடியும். ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியைக் காட்டுவார்கள்: குறி பார்ப்பதும் நாணை விடுவதும் அவன் வேலை. அம்பு கையை விட்டுப் போன பிறகு காற்றும் இருக்கிறது.

சோம்பலும் பயமும் இந்தப் பிரிவைத் திருடிக்கொள்ளும் என்பதையும் சொல்லியாக வேண்டும். "என் கையில் இல்லை" என்ற பத்தி நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதில் என்னால் நகர்த்தக்கூடிய ஒரு அங்குலம் எது?" என்று எழுதுங்கள். நோய் கையில் இல்லை, மருந்து நேரம் இருக்கிறது. அநியாயமான விதி கையில் இல்லை, அதற்கு எதிராக மனு எழுதுவதும் கூட நிற்கும் ஆட்களைச் சேர்ப்பதும் இருக்கிறது. உண்மையிலேயே ஒரு அங்குலம்கூட இல்லாததை மட்டும் விட்டுவிடுங்கள்.

செனகா இன்னொன்றையும் பரிந்துரைத்தார்: சில நாட்களைக் குறித்துவைத்து மிக எளிய உணவோடும் முரட்டுத் துணியோடும் கழித்துவிட்டு, "இதற்குத்தானா இவ்வளவு பயந்தேன்?" என்று கேட்டுக்கொள்வது. மாதத்தில் ஒரு நாள் போதும். படம் எடுத்துப் போடாமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாதென்றால் அதன் பலன் அன்றைக்கே போய்விட்டது.

விழுந்த பிறகு

வேலை போகலாம், உறவு முறியலாம், தேர்வு கைவிடலாம், நெருங்கியவர் இறந்துபோகலாம். இப்படி நேரும்போது முதல் மூன்று நாளுக்கு இலக்கணம் வேறு. தத்துவம் வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான நேரத்துக்குப் படுக்கை, தூக்கம் வராவிட்டாலும். பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளை கொஞ்சமாவது. பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடம் நடை. பெரிய முடிவு, நீண்ட செய்தி, பொது அறிவிப்பு எதுவும் கூடாது. இரண்டே பேரிடம் சொல்லுங்கள்: ஒருவர் கேட்க மட்டும் தெரிந்தவராகவும், இன்னொருவர் வேலை செய்து கொடுக்கத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். ஒரே ஆளிடம் இரண்டும் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது.

அழுகை வந்தால் அழுவது இந்த வழிக்கு விரோதம் இல்லை. பிறர் தோளில் சாய்வதும் அப்படித்தான். யாரிடமும் உதவி கேட்காததை மானம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் வீம்பில் இருக்கிறார்கள். "யாருக்குமே தெரியாமல் போனாலும் இதையேதான் செய்வேனா?" என்று முதலில் சொன்ன கேள்வியைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். உதவி கேட்கும்போது அளவு சொல்லுங்கள். "ஏதாவது உதவி பண்ணுங்க" என்றால் எதிராளி தவிப்பார். "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பாத்துக்க முடியுமா?" என்றால் அவரால் முடியும் முடியாது என்று கௌரவமாகச் சொல்ல முடியும்.

சில வாரம் கழித்தும் அதே விஷயம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் சோதித்த முறை இது: தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், நடந்ததையும் அதைப் பற்றி உண்மையில் உணர்ந்ததையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்க வேண்டாம். யாரும் படிக்கப் போவதில்லை, கிழித்தும் போடலாம். எழுதி முடித்த உடனே மனசு கனமாக இருக்கும். அது எதிர்பார்த்ததுதான், பலன் பின்னால் வருவது. அதனால் படுக்கும் முன் எழுதாதீர்கள், எழுதியபின் அரை மணி சும்மா இருக்க நேரம் வையுங்கள். அடி விழுந்த அன்றே உட்கார்ந்து எழுதுவதும், எழுத எழுத மூச்சு முட்டினாலும் விடாமல் தொடர்வதும் தவறு. முட்டினால் நிறுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் மனசு இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எதற்கு, அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி எண்ணை அழையுங்கள்.

மன்னிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தவறு உங்களுடையதானால் மன்னிப்புக் கேட்பது தலை குனிவதில்லை. செய்ததைப் பெயரிட்டுச் சொல்லுங்கள், அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்வீர்கள் என்று சொல்லுங்கள். "ஆனா" என்ற சொல் நுழைந்த இடத்தில் மன்னிப்பு முடிந்து வாதம் தொடங்கிவிட்டது. ஒரே தடவை கேளுங்கள். நாலு தடவை கேட்டால் அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்.

ராத்திரி ஐந்து நிமிடம்

செனகா விளக்கை அணைத்து, மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளைத் தனக்குள் ஓட்டிப் பார்ப்பாராம். செக்ஸ்டியஸ் என்ற தத்துவவாதியிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம். கேள்வி மூன்று போதும்: இன்றைக்கு எங்கே விழுங்கினேன்? எங்கே தேவையில்லாமல் சீறினேன்? நாளைக்கு அதே இடம் வந்தால் என்ன வாக்கியம் சொல்வேன்? மூன்றாவது கேள்விக்கு வாய்விட்டு, மெதுவாகவாவது, அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சரியாக ஓடும் வாக்கியம் நாக்கில் வரும்போது தடுக்கும். தடுக்கிற சொல்லை அங்கேயே மாற்றுங்கள்.

சிலர் இதை நீதிமன்றமாக்கிவிடுகிறார்கள்: தானே குற்றவாளி, தானே வக்கீல், தானே நீதிபதி, தீர்ப்பு தினமும் ஒன்றே. செனகாவும் தன்னை வழக்கு மன்றத்தில் நிறுத்தியதாகத்தான் சொல்கிறார், ஆனால் "இனிமேல் இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்தேன்" என்ற தொனியில் முடிக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

மாதக் கடைசியில் முதல் வார நோட்டை எடுங்கள். புதிதாக இன்னொரு ஏழு நாள் கணக்கு எழுதி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது பத்தி மெலிந்திருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், இரண்டாவது பத்தியைப் பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதால் மெலிந்திருந்தால் அது அங்கே பதிவாகியிருக்கும். அந்தச் சொல் இப்போது உங்களைத் தொடவில்லை என்றால் முதல் பத்தியில் சம்பவமே சாதாரணமாக, ஒரு வரியில் இருக்கும். முதல் பத்தியில் அதே மூன்று சம்பவம் முழு நீளத்தில் இருந்து, இரண்டாவதும் மூன்றாவதும் காலியாக இருந்தால், நீங்கள் எழுதுவதையும் விழுங்கத் தொடங்கிவிட்டீர்கள். அன்றைக்கே அந்த மூன்றில் மிகச் சின்னதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு வாக்கியம் எழுதி, எந்த நாள் எந்த மணிக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.